உங்கள் நிறை உங்கள் உயரத்துக்குச் சரியா?



நிறுவையைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சாக்குக்கு எவ்வளவு கழிவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, இன்றைக்குத் துண்டில் எத்தனை கிலோ விழுந்தது என்பதெல்லாம் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு மனப்பாடம். ஒரு கிலோ குறைந்தாலும் அந்த இடத்திலேயே கேட்டுவிடுவோம். ஆனால் அந்தக் கொழுந்தைச் சுமக்கிற உடம்பு எத்தனை கிலோ என்று கேட்டால், "பிள்ளை வயித்துல இருந்தப்ப கிளினிக்குல நிறுத்தாங்க, அதுக்குப் பொறவு தெரியாதுங்க" என்பதுதான் அநேகம் பேருடைய பதில்.

தோட்டத்து மருந்துச்சாலை வாசலில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"மிஸ், எனக்கு 38 கிலோ. எங்க அக்காவுக்கு 60. அவங்கதான் நல்ல சொகமா இருக்காங்க, இல்லீங்களா?"

"நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு உயரம்மா?"

"நிறையப் பத்திப் பேசுறப்போ உயரத்த ஏன் மிஸ் கேக்குறீங்க?"

கேட்கத்தான் வேண்டும். 60 கிலோ என்பது நெட்டையான ஓர் ஆணுக்கு அளவான நிறை. குட்டையான ஒரு பெண்ணுக்கு அதே 60 கிலோ மிதமிஞ்சிய நிறை. ஆகவே நிறையை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் மெலிவா, பருமனா என்று சொல்ல முடியாது. நிறையையும் உயரத்தையும் சேர்த்துப் பார்க்கிற கணக்குக்கு உடற்திணிவுச் சுட்டி என்று பெயர். கிளினிக்கில் பி.எம்.ஐ. என்று சொல்வார்கள். இந்தக் கணக்கை 1830களில் முதலில் போட்டவர் ஒரு டொக்டர் அல்ல, பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த கேற்றலே என்ற கணித அறிஞர். இப்போதைய பெயர் 1972ஆம் ஆண்டில்தான் வந்தது.

முதலில் உயரத்தை அளக்க வேண்டும். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்துவிட்டு, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நேராக நில்லுங்கள். பார்வை நேரே இருக்கட்டும். வேறொருவர் ஒரு கொப்பியைத் தலைமேல் மட்டமாக வைத்து, அது சுவரில் முட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போடட்டும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை தையற்காரர் நாடாவால் அளந்தால் போதும். அடி, அங்குலத்தில் அளந்தவர்கள் எல்லாவற்றையும் அங்குலமாக்கி 2.54ஆல் பெருக்கினால் சென்ரிமீற்றர் வரும். 5 அடி என்றால் 60 அங்குலம், அதாவது 152.4 சென்ரிமீற்றர்.

நிறையை மருந்துச்சாலைத் தராசில் பாருங்கள். சுவெற்றர், றப்பர் சீற்று, சப்பாத்து எதுவும் வேண்டாம். (கொழுந்துத் தராசில் தொங்கிப் பார்க்கிற விளையாட்டும் வேண்டாம்.)

இனிக் கணக்கு. நிறையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, நிறையை உயரத்தால் ஒருமுறை வகுத்து, வந்த விடையை அதே உயரத்தால் இன்னொருமுறை வகுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தத் தங்கச்சியின் உயரம் 150 சென்ரிமீற்றர், அதாவது 1.50 மீற்றர். 38ஐ 1.50ஆல் வகுத்தால் 25.3. அதை மறுபடி 1.50ஆல் வகுத்தால் 16.9. கையில் இருக்கிற போனிலேயே போட்டுப் பார்க்கலாம். பலரும் விடுகிற பிழை இரண்டு. ஒன்று, 1.50 என்பதற்குப் பதிலாக 150 என்று போடுவது. மற்றது, ஒருமுறை வகுத்ததோடு நிறுத்திவிடுவது. ஒருமுறையோடு நிறுத்தியிருந்தால் தங்கச்சிக்கு 25 என்று வந்திருக்கும். மெலிந்த பெண்ணைப் பருமன் என்று சொல்லியிருப்போம்!

அக்காவின் உயரம் 148 சென்ரிமீற்றர். 60ஐ 1.48ஆல் இருமுறை வகுத்தால் 27.4.

18.5க்குக் கீழே வந்தால் நிறை குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அளவுப்படி 18.5இலிருந்து 24.9 வரை சரியான நிறை, 25 முதல் அதிக நிறை, 30 முதல் உடற்பருமன். ஆனால் நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்குக் குறைந்த நிறையிலேயே சீனி வருத்தமும் இருதய வருத்தமும் வரத் தொடங்குகின்றன. அதனால் 23ஐத் தொட்டாலே கவனமாக இருக்க வேண்டும், 27.5ஐத் தொட்டால் ஆபத்து அதிகம் என்று அந்த நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் 2004இல் எடுத்துக்காட்டினார்கள். ஆகவே தங்கச்சிக்கு நிறை போதாது, அக்காவுக்கு நிறை கூடுதல். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற இரண்டு பேருக்கு இரண்டு விதமான குறை இருக்கலாம்.

"நான் நல்லாத்தான் மிஸ் சாப்புடுறேன்."

"எப்போ சாப்பிடுறீங்க? என்ன சாப்பிடுறீங்க?"

விடியற்காலையில் ஒரு தேத்தண்ணி. மலையில் பத்து மணிக்கு ஒரு ரொட்டியும் சம்பலும். இரவில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சினது. நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற உடம்புக்கு இது எப்படிக் காணும்? முட்டை சாப்பிடு, மீன் சாப்பிடு என்று எழுதுவது இலேசு, சம்பளத்தில் அதை வாங்குவதுதான் பாடு என்பது இந்தப் பக்கத்தை எழுதுகிறவருக்கும் தெரியும். ஆனால் ரொட்டியோடு ஒரு கரண்டி பருப்பு, சோற்றோடு கொஞ்சம் நெத்தலிக் கருவாடு, அவித்த கடலை, லயத்துக்குப் பின்னால் முளைக்கிற கீரை இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் சேர்ந்தாலே வித்தியாசம் தெரியும். உழைக்கிற பெண் கடைசியில் சாப்பிடுகிற பழக்கத்தை மாற்ற ஒரு சதமும் செலவில்லை. இதை வீட்டு ஆண்களும் வாசிக்க வேண்டும்.

நிறை போதாத தாய்க்குப் பிறக்கும் பிள்ளை 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறக்க வாய்ப்பு அதிகம். மாதம் தப்பியவுடனேயே பதிந்துகொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளை வளர வளரத் தாயின் நிறை ஏறிவிடும், பிறகு போடுகிற கணக்குச் சரிவராது. தொடக்கத்தில் 18.5க்குக் கீழே இருந்த தாய் கர்ப்ப காலம் முழுவதிலும் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும். சரியான நிறையுள்ள தாய்க்கு 11.5 முதல் 16 கிலோ போதும். கிளினிக்கில் திரிபோஷா தந்தால் அது தாய்க்கு. வீடு முழுக்கப் பங்கு போட்டால் தாய்க்கு ஒன்றும் மிஞ்சாது.

ஒன்றும் செய்யாமலே நிறை இறங்கிக்கொண்டு போனால் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு இருக்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் இருமலும் சேர்ந்திருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும், காசநோயாக இருக்கலாம். அடிக்கடி தாகமும் சிறுநீரும் என்றால் சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதிக்க வேண்டும்.

இனி அக்காவின் பக்கம். மலை வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கியவர்கள், பென்சன் எடுத்தவர்கள், நடை குறைந்த கங்காணிமார் ஆகியோர் வேலை செய்த காலத்துச் சாப்பாட்டையே தொடர்ந்து சாப்பிடுவதால் நிறை ஏறுகிறது. சீனியைக் கணக்குப் பாருங்கள். நாளைக்கு ஆறு தேத்தண்ணி, ஒன்றுக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு 5 கிராம் என்றே வைத்தாலும் நாளைக்கு 60 கிராம். மாதத்துக்கு 1.8 கிலோ, ஒரே ஆளுக்கு! இரண்டு கரண்டியை ஒன்றாக்கினால் உடம்புக்கும் நல்லது, கடைக் கொப்பிக்கும் நல்லது.

இந்தக் கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நிறை தசையால் வந்ததா கொழுப்பால் வந்ததா என்று அதற்குத் தெரியாது. அதனால் இடுப்புச் சுற்றையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பதைத் தாண்டக்கூடாது. 20 சரியாக வந்த பெண்ணுக்கும் இரத்தச்சோகை இருக்கலாம். கால் வீங்கியவர்களுக்கு நீரின் நிறையும் சேர்ந்து வரும். வளர்கிற பிள்ளைகளுக்கு இந்த எல்லைகளைப் பார்க்கவே கூடாது, அவர்களுக்கு வயதுக்கேற்ற வேறு அட்டவணை உண்டு.

ஒவ்வொரு முறையும் வகுத்துக்கொண்டிருக்க விருப்பமில்லாதவர்கள் இதை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். உயரம் 145 சென்ரிமீற்றர் என்றால் நிறை 39 கிலோவுக்குக் குறையாமலும் 48ஐத் தாண்டாமலும் இருக்கட்டும். 150க்கு 42 முதல் 51 வரை. 155க்கு 45 முதல் 55 வரை. 160க்கு 48 முதல் 58 வரை. 165க்கு 51 முதல் 62 வரை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்குத்தான்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைக் கொண்டு இதைப் போட்டுப் பாருங்கள்: ஓர் அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம், நிறை 44 கிலோ. அவருடைய உடற்திணிவுச் சுட்டி என்ன? உயரத்தை 1.47 மீற்றர் என்று எடுத்துக்கொள்ளலாம். விடை 20.4.