ஒரு சிறு பெட்டியின் விலை

ஒரு பண்டத்தின் விலையை முடிவு செய்வது எது? அதை ஆக்குவதற்கு ஆகும் செலவா? அன்றி, வாங்குவோர் அதன்மேல் கொண்ட விருப்பமா? பொருளியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் சந்திக்கும் வினா இது. கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளுள் எது தாளை வெட்டுகிறது என்று கேட்பதைப் போன்றதே இவ்வினா என்று ஆல்பிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். மேலைநாட்டு இசைக்கலைஞர் பயன்படுத்தும் ஒரு சிறு கருவியைக் கொண்டு அக்கருத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெடல் என்பது யாது?

மின் கிட்டாரின் கம்பி அதிரும்போது அவ்வதிர்வு மின்னலையாக மாறி ஒலிபெருக்கிக்குச் செல்கிறது. இடையில் ஒரு பெட்டியை இணைத்து அம்மின்னலையின் வடிவை மாற்றினால், ஒலியின் தன்மையும் மாறுகிறது. காலால் மிதித்து இயக்குவதால் அப்பெட்டிக்குப் பெடல் என்று பெயர். 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் பெடல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ஒரு பாடலில் அதைப் பயன்படுத்திய பின்னர் அதன் புகழ் பரவியது.

இன்று பெருந்தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் செய்யப்படும் பெடல்களும் உள்ளன; சிறு பட்டறைகளில் ஒருவரோ சிலரோ கையால் செய்யும் பெடல்களும் உள்ளன. முன்னவற்றுள் பல நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. பின்னவையோ இருநூறு, முந்நூறு டாலர் என்றும் அதற்கு மேலும் விற்கின்றன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன?

உறுப்புகளும் உழைப்பும்

1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் என்னும் பெடலை எடுத்துக்கொள்வோம். அதன் மின்சுற்றில் 2 டிரான்சிஸ்டர்கள், 4 மின்தடைகள், 3 மின்தேக்கிகள், திருகிக் கூட்டிக் குறைக்கும் 2 மின்தடைகள் என மொத்தம் 11 உறுப்புகளே உள்ளன. உறுப்புகளின் விலைதான் பெடலின் விலை என்றால், இதைப்போன்ற பெடல் மிக மலிவாகக் கிடைக்க வேண்டும்.

ஆனால், தொடக்கத்தில் அதில் அமைந்த டிரான்சிஸ்டர்கள் ஜெர்மானியத்தால் ஆனவை. ஒரே வகை ஜெர்மானிய டிரான்சிஸ்டர்களிடையேகூட மின்னோட்டத்தைப் பெருக்கும் திறன் ஒன்றுக்கொன்று வேறுபடும், மின்கசிவும் வேறுபடும், வெப்பநிலை மாறினால் இயல்பும் மாறும். சிலிக்கன் வந்தபின் இவற்றின் உற்பத்தி பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆகவே, இன்று அத்தகைய பெடல் செய்பவர் பழைய இருப்பிலிருந்து வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து, பொருந்தும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. பொருந்தாதவை ஒதுக்கப்படுகின்றன. ஒதுக்கியவற்றின் விலையும், அளந்த நேரத்தின் கூலியும் தேர்ந்த இரண்டின்மேல் ஏறுகின்றன.

மாறாச் செலவு

அடுத்து, உற்பத்தி அளவைக் கருத வேண்டும். ஒரு பெட்டியின் வார்ப்பு அச்சுக்கு 8,000 டாலர் செலவாவதாகக் கணக்கிற்காகக் கொள்வோம். 20,000 பெட்டிகள் செய்பவருக்கு ஒரு பெட்டியின்மேல் விழும் அச்சுச் செலவு 40 சென்ட். 200 பெட்டிகள் மட்டும் செய்பவருக்கோ அது 40 டாலர். மின்சுற்றை வடிவமைக்கச் செலவிட்ட காலமும் அவ்வாறே பகிரப்படும். இவற்றோடு கடைக்காரரின் பங்கு, பழுதுபார்க்கும் பொறுப்பு, பட்டறை வாடகை ஆகியவையும் சேரும். சிறு உற்பத்தியாளர் பேராசை கொள்ளாவிடினும் விலை உயர்வாக இருப்பதன் காரணம் இதுவே.

சென்டார் தரும் பாடம்

கிளான் சென்டார் என்னும் பெடல் இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில் ஃபின்னகன் என்பவர் சில ஆண்டுகள் முயன்று வடிவமைத்து, 1994-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 14 ஆண்டுகளில் அவர் செய்தவை சுமார் 8,000. வாரத்திற்கு 11 என்று கணக்கு வருகிறது. மின்சுற்றைப் பிறர் பார்த்துச் செய்யாதிருக்க அதன்மேல் பிசின் ஊற்றி மூடினார். அவர் விற்ற விலை சில நூறு டாலரே. உற்பத்தியை நிறுத்திய பின்னர், பழைய பெடல்கள் கைமாறும்போது பல ஆயிரம் டாலர் விலை பெறலாயின.

இங்கே இரு விலைகளைப் பிரித்தறிய வேண்டும். முதல் விலை செலவும் உழைப்பும் சேர்ந்தது, செய்தவருக்குச் சென்றது. இரண்டாம் விலையில் ஒரு காசும் செய்தவருக்குச் செல்லவில்லை. அது கையில் வைத்திருந்து விற்பவருக்கே சென்றது. அளிப்பைக் கூட்ட இயலாதபோது தேவையே விலையை ஆள்கிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

நீண்ட காலத்தில் ஆக்கச் செலவின் செல்வாக்கு மிகும் என்பதும் மார்ஷலின் கருத்து. அதுவும் இங்கே மெய்யாயிற்று. பிசினைச் சுரண்டி மின்சுற்றைக் கண்டறிந்தனர். அதைப் பின்பற்றிய பெடல்கள் பல வந்தன. எலக்ட்ரோ-ஹார்மனிக்ஸ் நிறுவனம் செய்த சோல் ஃபுட் நூறு டாலருக்கும் குறைவாகவே விற்றது. ஃபின்னகனே அதே சுற்றைச் சிறு உறுப்புகளால் அமைத்து, கேடிஆர் என்னும் பெயரில் வெளியிட்டார். ஆயினும், பழைய சென்டாரின் விலை இறங்கவில்லை. ஒலியைப் பெருக்கிச் செய்யலாம். முதலில் செய்த அந்த 8,000 பெட்டிகளைப் பெருக்க இயலாது அன்றோ!

முடிவுரை

உறுப்புகளின் விலையை மட்டும் கூட்டிப் பார்த்து, செய்தவர் கொள்ளை அடிக்கிறார் என்று சொல்வோர் உண்டு. அவர்கள் உழைப்பைக் கணக்கில் சேர்க்க மறந்தவர்கள். பல ஆயிரம் டாலர் விலையைக் கண்டு, ஒலியும் அத்தனை மடங்கு உயர்ந்தது என்று நம்புவோரும் உண்டு. அவர்கள் அருமைக்கும் தரத்திற்கும் உள்ள வேறுபாட்டை மறந்தவர்கள். உயர்ந்த விலை ஒன்றைக் காணும்போது அது எவருடைய கைக்குச் செல்கிறது என்று கேட்பதே பொருளியல் மாணவனின் முதற்கடமை. பட்டறையில் உழைத்தவருக்குச் சென்றால் அது கூலி. இருப்பு வைத்தவருக்குச் சென்றால் அது அருமையின் விலை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் தகாது.