போக்கர் மேசையில் எதிராளியின் உடல்மொழி: முக்கியக் குறிப்புகள்

• டெல்: கையிலுள்ள சீட்டு நல்லதா மோசமா என்பதை ஆட்டக்காரர் தம்மை அறியாமல் காட்டிக்கொடுக்கும் அசைவு, பேச்சு அல்லது பழக்கம்.

• டெக்சாஸ் ஹோல்டெம்: ஒவ்வொருவருக்கும் 2 மறைசீட்டு, மேசையில் 5 பொதுச்சீட்டு. முதலில் திறக்கும் 3 சீட்டு ஃபிளாப், 4ஆவது டர்ன், 5ஆவது ரிவர்.

• மைக் காரோ (அமெரிக்கா): டெல்கள் குறித்த முன்னோடி நூலை 1984இல் எழுதியவர். அவரது அடிப்படை விதி: நடிப்பவர் உண்மைக்கு நேர்மாறாகவே நடிப்பார். நல்ல சீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு, தோளைக் குலுக்கி, வேண்டாவெறுப்பாகப் பந்தயம் கட்டுவார். ஒன்றும் இல்லாதவர் முறைத்துப் பார்ப்பார். சிப்புகளை (பந்தய வில்லைகளை) ஓங்கி வைப்பார். அதாவது பாவ்லா.

• கை நடுக்கம்: பலரும் தவறாகப் படிக்கும் குறி இதுதான். பந்தயம் கட்டும்போது திடீரென விரல் நடுங்கினால் பயம், எனவே பிளஃப் (மோசமான சீட்டோடு மிரட்டல்) என்று புதியவர் முடிவுகட்டிவிடுவார். பெரும்பாலும் அது பலமான சீட்டு கிடைத்த படபடப்பு. இயல்பிலேயே கை நடுங்குபவருக்கு இந்த விதி பொருந்தாது.

• சிப்பைப் பார்த்தல்: ஃபிளாப் திறந்ததும் ஒருவர் கண் ஒரு கணம் தம் சிப்புகள் மேல் போய் மீண்டால், பந்தயம் கட்டும் எண்ணம் வந்துவிட்டது என்று பொருள். இதைப் பிடிக்க, ஃபிளாப் விழும்போது சீட்டைப் பார்க்காமல் ஆட்களைப் பார்க்க வேண்டும். சீட்டு எங்கும் ஓடிவிடாது.

• மறைசீட்டை மீண்டும் புரட்டுதல்: ஃபிளாப்பில் மூன்றும் ஹார்ட்டின். ஒருவர் தம் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறார். இரண்டும் ஹார்ட்டினாக இருந்திருந்தால் அது நினைவில் இருந்திருக்கும். எனவே ஃபிளஷ் (ஒரே இனத்தில் 5 சீட்டு) இன்னும் அமையவில்லை. ஒரு ஹார்ட்டினாவது இருக்கிறதா என்று தேடுகிறார்.

• 2013 ஆய்வு (மைக்கேல் ஸ்லெப்பியன் குழு): 2009 உலகப் போக்கர் தொடரின் காணொளித் துண்டுகளை மாணவர்களுக்குக் காட்டி, சீட்டின் தரத்தை ஊகிக்கச் சொன்னார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களின் ஊகம் குருட்டுப்போக்கில் சொல்வதைவிட மோசமாக இருந்தது. சிப்பைத் தள்ளும் கைகளை மட்டும் பார்த்தவர்களே தேறினார்கள். தடுமாறாத, சீரான கையசைவு நல்ல சீட்டின் அடையாளம்.

• ஜோ நவாரோ: முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரி, போக்கர் உடல்மொழி நூல் வெளியான ஆண்டு 2006. முகத்தைவிடப் பாதமே உண்மை பேசும் என்பது அவர் கருத்து. மேசைக்கடியில் குனிந்து பார்க்க முடியாதே என்றால், கால் ஆடினால் தோளும் சட்டையும் லேசாக ஆடும்.

• இயல்பு நிலை: எல்லாவற்றுக்கும் அடிப்படை இது. எதிராளி சும்மா இருக்கும்போது எப்படி உட்காருகிறார், எவ்வளவு பேசுகிறார் என்று முதலில் கவனிக்க வேண்டும். தனியாக ஓர் அசைவுக்குப் பொருளில்லை, மாற்றத்துக்குத்தான் பொருள். நீங்கள் ஆடாத சுற்றுகள்தான் இதற்குத் தோதான நேரம்.

• ரவுண்டர்ஸ் (1998 திரைப்படம்): ஜான் மல்கோவிச் பாத்திரம் க்ரீம் பிஸ்கட்டைக் கையாளும் விதமே டெல். நிஜத்தில் யாரும் இவ்வளவு தாராளமாகக் காட்டிக்கொடுப்பதில்லை.

• 2003 உலகப் போக்கர் தொடர்: கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், ஒரு ஜோடிகூட இல்லாமல் முழுச் சிப்பையும் தள்ளினார். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, அசையாத உடல். அனுபவசாலி சாம் ஃபார்ஹா 9 ஜோடியை வைத்துக்கொண்டு விலகினார். போட்டியை வென்ற மணிமேக்கருக்குப் பரிசு 25 லட்சம் டாலர்.

• எல்லை: பந்தயத் தொகையும் ஆடிய வரிசையுமே முதல் சாட்சி, உடல்மொழி துணைச் சாட்சி மட்டுமே. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ரேட்டஸ் (2017), ப்ளூரிபஸ் (2019) ஆகிய கணினி நிரல்கள் எவர் முகத்தையும் பார்க்காமலே தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றன.