தெருச் சாக்கடையை எந்தக் கூட்டத்தில் பேசுவது?

கேள்வி: மணவாள நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை. மழை பிடித்தால் சாக்கடைத் தண்ணீர் தெருவில் ஏறி வாசல்படி வரை வந்துவிடுகிறது. தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து திருவள்ளூர் நகர்மன்றக் கூட்டத்துக்கே போய்ப் பேசிவிடலாம் என்று இருக்கிறோம். எங்களைப் பேச விடுவார்களா?
– வாசகி, மணவாள நகர்

பதில்: தெருவே சேர்ந்து கிளம்புகிறீர்கள் என்பது எனக்கு மிகவும் சந்தோஷம். ஆனால் நீங்கள் போக வேண்டிய இடம் அதுவல்ல. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் நகராட்சி. மணவாள நகர் கடம்பத்தூர் ஒன்றியத்தில், வெங்கத்தூர் ஊராட்சியில் வருகிறது. சந்தேகம் இருந்தால் வீட்டுக்காரரிடம் வீட்டு வரி ரசீதை வாங்கிப் பாருங்கள். வரி யாருக்குப் போகிறதோ அவர்கள் பொறுப்பில்தான் உங்கள் தெரு இருக்கிறது.

நகராட்சிக்குள் இருந்திருந்தாலும் மன்றக் கூட்டத்தில் பேசும் உரிமை கவுன்சிலர்களுக்குத்தான். உங்களுக்கு அதைவிட நேரடியான உரிமை இருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். எழுந்து நின்று கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆண்டுக்கு ஆறு நாட்கள் சபை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச், நவம்பர் கூட்டங்கள் 2022-இல் சேர்ந்தவை.

இங்கே உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது? வேலைக்காக வந்து தங்கிய குடும்பங்களில் பலருடைய பெயர், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகிற சொந்த ஊரிலேயே இருக்கும். அப்படியானால் படிவம் 8 கொடுத்து இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். மாறும்வரை, ஓட்டுள்ள பக்கத்து வீட்டு அக்காவையும் வீட்டுக்காரரையும் முன்னால் நிறுத்துங்கள். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று ஓர் அளவும் உண்டு. 10,000 பேருக்கு மேல் உள்ள ஊராட்சி என்றால் 300 பேர் வர வேண்டும். தெருத்தெருவாகச் சொல்லி ஆள் சேர்ப்பது வீண் வேலை அல்ல.

நான் பார்த்த வரையில் பலர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கோபமாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு, தீர்மானம் எழுதும் முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம். பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும்வரை நகராதீர்கள். ‘சாக்கடை வசதி செய்து தர வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் யார் தலையிலும் பொறுப்பு விழாது. எந்தத் தெரு, எந்த வீட்டிலிருந்து எதுவரை அடைப்பு, தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும், எந்த மாதத்துக்குள் வேலை முடிய வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஸ்ரீபெரும்புதூர் சாலை மாநில நெடுஞ்சாலை. உங்கள் கால்வாய் அங்கே போய் முட்டி நின்றால் நெடுஞ்சாலைத் துறைக்கும், ரயில்வே நிலத்தில் நின்றால் தெற்கு ரயில்வேக்கும் ஊராட்சி கடிதம் அனுப்ப வேண்டும் என்ற வரியும் தீர்மானத்திலேயே இருக்கட்டும். பிறகு நகல் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

கிராம சபைத் தீர்மானத்தின் பலத்துக்கு உதாரணம் உங்கள் மாவட்டத்திலேயே, பூந்தமல்லி பக்கம் குத்தம்பாக்கத்தில் இருக்கிறது. 1996-இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ, கிரானைட் ஆலை ஒதுக்கிய கற்களை வைத்துச் சிக்கனமாகக் கால்வாய் கட்டினார். அனுமதித்த முறையில் கட்டவில்லை என்று அவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். கிராம சபை திரண்டு அவர் பக்கம் நின்று தீர்மானம் போட்டது, இடைநீக்கம் ரத்தானது. ஒரு சாக்கடைக் கால்வாய்க்காக ஊர் கூடிய கதை இது.

உங்கள் ஊராட்சியில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலரிடம் போனது. வார்டு உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டும் வழி அடைபட்ட இப்படியான காலத்தில் கிராம சபைக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

மழைக்கு முன் அடுத்த சபை வராது என்றால் காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் உதவி எண்ணான 1100-க்கும் போன் செய்யலாம்.

கேள்வி: எங்கள் பகுதி நகராட்சியோடு சேர்ந்துவிட்டால் இந்த உரிமை என்ன ஆகும்?
– அதே வாசகி

பதில்: கிராம சபை இருக்காது, ஊரக வேலைத் திட்டமும் இருக்காது. அதற்குப் பதிலாக, 2022-இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபாவும் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபாவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். ஆனால் அது எந்தத் தேதியில், எந்த இடத்தில் கூடுகிறது என்று கவுன்சிலரைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்காத வார்டில் கூட்டம் நடந்ததே தெரியாமல் போகும். இப்போது வாங்கும் தீர்மான நகலைத் தொலைத்துவிடாதீர்கள். நாளை இணைப்பு நடந்தாலும் புதிய கவுன்சிலரிடம் முதல் மனுவோடு அதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.