ஈயம் யாருக்குச் சாட்சி?

அன்புள்ள தங்கைக்கு,

உன் முதல் ஈய ஐசோடோப் அளவீடுகளைப் பார்த்தேன். புள்ளிகள் ஒரு சுரங்கத்தின் வட்டத்துக்குள் விழுந்திருக்கின்றன. அதற்காக உடனே ஊர்ப் பெயரை எழுதிவிடாதே.

ஈயம் 206, 207 யுரேனியத்திலிருந்தும், 208 தோரியத்திலிருந்தும் பிறந்து சேர்பவை, 204 கூடுவதில்லை. அதனால் தாது உருவான வயது அந்த விகிதங்களில் பதிந்துவிடுகிறது, உலையில் உருக்கினாலும் போவதில்லை. ஆனால் ஒத்த வயதுடைய இரண்டு மலைகள் ஒரே விகிதத்தைக் காட்டலாம். இரு வேறு சுரங்கங்களிலிருந்து வந்த பழைய உடைசல்களைச் சேர்த்து உருக்கியிருந்தால், புள்ளி அந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது சுரங்கத்தின் மேலேயே போய் உட்காரும்.

அதைவிட முக்கியம், அந்த ஈயம் உலோகத்துக்குள் எப்படி வந்தது என்பது. துருக்கிக் கரையருகே உலுபுருனில் 1982-இல் தெரியவந்த கப்பலை எடுத்துக்கொள். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி மூழ்கியது. சுமார் 10 டன் செம்பு, 1 டன் வெள்ளீயம். அந்தச் செம்பிலுள்ள ஈயம் தாதுவோடு வந்த மாசு. ஆகவே அதன் விகிதங்கள் சைப்ரஸோடு ஒத்துப்போனபோது செம்பின் ஊரே தெரிந்தது. நம் சோழர் காலத் திருமேனிகள் அப்படியல்ல. உருகிய உலோகம் அச்சுக்குள் நன்றாக ஓட ஈயத்தை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள். அங்கே கிடைப்பது ஈயத்தின் பிறப்பிடம். செம்பைப் பற்றி அது வாய் திறக்காது. ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் அந்த விகிதங்களைச் சுவட்டுத் தனிமங்களோடு வைத்துச் சிலைகளைக் காலவாரியாகப் பிரித்தார். சோழர்காலம் என்று கருதப்பட்ட சில நடராசர்கள் பல்லவர் காலத்தவை என வாதிட்டார். சுரங்கத்தைத் தேடுவதைவிடப் புத்திசாலித்தனமான கேள்வி அது என்பேன்.

உலுபுருன் வெள்ளீயத்தின் கதையையும் படி. மூன்றில் ஒரு பங்கு மத்திய ஆசியாவின் முஷிஸ்தானிலிருந்து வந்தது என்று 2022-இல் ஒரு குழு எழுதியது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு அதை மறுத்தது. முடிவுரைகளை விட்டுவிட்டு இரண்டின் அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார். எண்களில் பெரிய சண்டை இல்லை, அவற்றுக்குப் பொருள் சொல்வதில்தான்.

உன் மூன்றாவது மாதிரியில் ஈயம் எத்தனை சதவீதம்? ஆர்செனிக், ஆன்டிமனி, நிக்கல் பார்த்தாயா? துளையிட்ட இடம் துரு ஏறிய பகுதியா என்பதையும் சேர்த்து எழுது. அதற்குப் பிறகு வரைபடத்தைப் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்