புறச்சவ்வு என்னும் அரண்

சென்ற கோடை விடுமுறையிலே, கல்வராயன் மலைமேலுள்ள எம் ஊரில் என் இளைய சகோதரி கடுஞ்சுரத்தால் வருந்தினாள். கடையில் வாங்கிய மாத்திரைகளை இரு நாள் உண்டாள். சுரம் தணியவே நிறுத்திவிட்டோம். சில நாளிற் சுரம் மீண்டது. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு சென்றோம். டைபாய்டு எனக் கண்ட மருத்துவர், அம்மாத்திரை இக்கிருமியிடம் செல்லாது என்று கூறி, வேறு மருந்தை ஊசிவழிச் செலுத்தினார். அவள் பிழைத்தாள். கண்ணுக்குப் புலனாகாத ஓருயிர் மருந்தை எங்ஙனம் எதிர்க்கின்றது? இவ்வினாவே தமிழ் மாணாக்கனாகிய என்னை இக்கட்டுரை வரையத் தூண்டிற்று.

திருவள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். பாக்டீரியாவின் உடலமைப்பும் ஓர் அரணே. 1884-ஆம் ஆண்டில் டென்மார்க்கு தேசத்து ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்னும் மருத்துவர், பாக்டீரியாக்களுக்கு ஊதாச்சாயம் ஊட்டிச் சாராயத்தாற் கழுவும் முறையை வெளியிட்டார். சில சாயத்தை விடாது பற்றின, சில இழந்தன. இழந்தவை கிராம்-எதிர் வகையின. டைபாய்டு, காலராக் கிருமிகள் இவ்வகையைச் சார்ந்தன. இவற்றிற்கு உட்சவ்வு, மெல்லிய இடைச்சுவர், புறச்சவ்வு என மூன்று காப்புகள் உண்டு.

புறச்சவ்வின் வெளியடுக்கு, கொழுப்பும் சர்க்கரைத்தொடரும் இணைந்த லிப்போபாலிசாக்கரைடு என்னும் பொருளாலாயது. இதன் மூலக்கூறுகள் எதிர்மின்னூட்டம் உடையனவாதலின் ஒன்றையொன்று விலக்க முயலும். மக்னீசியமும் கால்சியமும் இடைநின்று, சாந்து செங்கல்லைப் பிணிப்பது போல அவற்றைப் பிணிக்கின்றன. உணவு புகுதற்குப் புரதத்தாலாகிய துளைகள் உள. ஏறத்தாழ 600 டால்டனுக்கு மேற்பட்ட பொருள் அவற்றினுட் புகுதல் அரிது. வான்கோமைசின் என்னும் மருந்தின் எடையோ சுமார் 1,450 டால்டன். ஆகவே அது வாயிலிலேயே நின்றுவிடும்.

கிருமியின் உறுதிக்கு இடைச்சுவரே காரணம் என நெடுநாள் எண்ணினர். 2018-இல் அமெரிக்க தேசத்து ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையார் முதலியோர், புறச்சவ்வும் இடைச்சுவரைப் போன்றே பாரந்தாங்கும் உறுப்பு என நிறுவினர். அச்சவ்வு குலைந்தால், உள்ளழுத்தம் மாறுங்காலத்துக் கிருமி எளிதில் வெடித்தழியும்.

இனி நம் நாட்டுச் செய்தி. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, சென்னையில் எடுத்த 44 மாதிரிகளில் என்டிஎம்-1 என்னும் நொதியைச் சுட்டியது. வலிய மருந்துகளாகிய கார்பபெனெம்களையும் அது சிதைக்கும். அந்நொதி புறச்சவ்வின் உட்புறத்தே கொழுப்பு நங்கூரத்தாற் கட்டப்பட்டிருத்தலை 2016-இல் விளக்கினர். துத்தநாகம் குன்றிய காலத்தும் அது நிலைபெறுதற்கு அந்நங்கூரம் துணை. எனவே புறச்சவ்வு மதிலாதலோடு, படைக்கலம் பொருத்திய மதிலும் ஆகின்றது.

இத்தகைய கிருமிகளுக்கு எஞ்சிய சில மருந்துகளுள் கோலிஸ்டின் ஒன்று. அது முற்கூறிய மக்னீசிய, கால்சியப் பிணிப்பை விலக்கி மதிலைக் குலைக்கும். கிருமியோ தன் புறப்பொருளின் மின்னூட்டத்தை மாற்றி அம்மருந்து ஒட்டாதவாறு செய்துகொள்ளும். இவ்வாற்றலைக் கிருமிக்குக் கிருமி வழங்கவல்ல மரபணுவொன்றைச் சீனத்தில் கண்ட செய்தி 2015-இல் வெளியாயிற்று. நம் அரசாங்கம் 2019-இல், உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் அளித்தலைத் தடுத்தது.

மருந்து கிருமிக்குப் புதுமதில் கட்டித் தருவதன்று; மெலிந்த மதிலுடையவற்றை அழித்து, வலிய மதிலுடையவற்றுக்கு இடம் விடுகின்றது. வேண்டாத சுரத்துக்கெல்லாம் அதனை உண்பதனால் அவ்விடத்தை நாமே அகலப்படுத்துகின்றோம். நகரத்தார்க்கு ஒரு மருந்து தவறின் மறு மருந்து அருகில் உண்டு. மலையூரார்க்கு அஃது மலையிறங்கிச் செல்லவேண்டிய தொலைவில் உள்ளது. ஆதலின் நீரைக் காய்ச்சிப் பருகுவோம். மருத்துவர் வகுத்த மருந்தை, வகுத்த நாளளவும் உண்போம். பகைவனது அரணுக்கு நாமே கல் சுமத்தல் தகுமோ?