விடுதியில் வாந்திபேதி: மலப் பரிசோதனை பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் 250 பேருக்கு மேல் நோயுற்று, அவர்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக எழுந்த வதந்தியும் சேர்ந்துகொள்ள, தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்துப் போராடினர். ‘உணவு நஞ்சானது’ என்ற சொல்லே அன்று எங்கும் பேசப்பட்டது. ஆனால் அச்சொல் நோய் வந்த வழியைக் குறிக்குமேயன்றி, எந்தக் கிருமி என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல வல்லது மலப் பரிசோதனை. ஒரே அறையில் பலர் உறங்கி ஒரே சமையலறை உணவை உண்ணும், ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலான விடுதிகளில் அதைப் பற்றிய தவறான எண்ணங்களைக் களைவது அவசியம்.

நம்பிக்கை 1: கெட்டுப்போன சோறுதான் காரணம், பரிசோதனை வீண்.

உண்மை: பாக்டீரியா உணவில் முன்னரே உண்டாக்கிவிட்ட நச்சு, பெரும்பாலும் உண்ட சில மணி நேரத்திலேயே வாந்தியை வரவழைக்கும், வாந்திபேதியை உண்டாக்கும் நோரோ வைரஸோ பொதுவாக 12 முதல் 48 மணி நேரம் கழித்தே நோயைக் காட்டும். முன்னதில் அந்த உணவை அகற்றினால் போதும். பின்னதில் கிருமி சமைப்பவரின் கையிலிருந்தும், கழிப்பறைக் கைப்பிடியிலிருந்தும், வாந்தித் துளிகளிலிருந்தும் பரவுவதால், சோற்றைக் கொட்டிவிட்டாலும் நோய் அடுத்த அறைக்குச் சென்றுவிடும்.

நம்பிக்கை 2: ‘கல்ச்சர்’ முடிவில் ஒன்றும் இல்லையெனில் கிருமியே இல்லை.

உண்மை: கல்ச்சர் என்பது மலத்தைச் சத்தூட்டப்பட்ட தட்டில் இட்டு, சால்மோனெல்லா, ஷிகெல்லா போன்ற பாக்டீரியாக்களை வளர்த்துப் பார்க்கும் முறை. வைரஸ்கள் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகுவதால் அத்தட்டில் வளரமாட்டா. அவற்றைக் கண்டறிய, கொரோனா காலத்தில் அனைவரும் அறிந்த ஆர்டி-பிசிஆர் முறை வேண்டும். அது வைரஸின் மரபணுத் துண்டைப் பன்மடங்காக்கிக் காட்டுகிறது. வைரஸின் புரதத்தைத் தேடும் விரைவுச் சோதனை குழந்தைகளின் ரோட்டா வைரஸுக்கு நன்கு பயன்பட்டாலும், நோரோ வைரஸைப் பலமுறை தவறவிடுகிறது. எனவே கோரிக்கைப் படிவத்தில் வைரஸ் சோதனையைத் தனியே குறிப்பிடாவிட்டால், அது தேடப்படாமலே போகலாம்.

நம்பிக்கை 3: நோயுற்ற அனைவரிடமும் மாதிரி எடுத்தாக வேண்டும்.

உண்மை: குறைந்தது 5 பேரின் மாதிரி போதும்; அவற்றில் இரண்டில் நோரோ வைரஸ் தென்பட்டால் அதையே காரணமாகக் கொள்வது வழக்கம். எண்ணிக்கையைவிடக் காலமே முக்கியம்: நோய் தொடங்கிய 48 முதல் 72 மணி நேரத்துக்குள், சிறுநீர் கலவாத நீர்த்த மலத்தை மூடியுள்ள கிண்ணத்தில் எடுத்து, 4 டிகிரி செல்சியஸ் அளவுக் குளிரில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நோயுற்றவர்கள் சொந்த ஊருக்குப் போய்விட்ட பின் தொடங்கும் விசாரணைக்கு இந்த வாய்ப்புக் கிட்டாது.

நம்பிக்கை 4: வைரஸ் சோதனை முடிவு வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உண்மை: பாதிக்கு மேற்பட்டோருக்கு வாந்தி, தொற்றிய பின் சராசரியாக 24 முதல் 48 மணி நேரத்தில் நோய்த் தொடக்கம், சராசரியாக 12 முதல் 60 மணி நேரத்தில் குணம், கல்ச்சரில் பாக்டீரியா இன்மை ஆகிய நான்கும் ஒத்துவந்தால் நோரோ வைரஸை ஐயுறலாம் என்னும் அளவுகோல் 1982 முதல் உள்ளது. ஆகவே சோப்பிட்டுக் கைகழுவுவதையும் ப்ளீச்சிங் கரைசலால் கழிப்பறையைத் துடைப்பதையும் உடனே தொடங்கலாம். ஆல்கஹால் சானிடைசர் மட்டும் இவ்வைரஸுக்குப் போதாது.

நம்பிக்கை 5: வைரஸ் உறுதியானால் ஆன்டிபயாட்டிக் வேண்டும், ‘நெகட்டிவ்’ வந்த பிறகே வேலைக்குத் திரும்பலாம்.

உண்மை: ஆன்டிபயாட்டிக் வைரஸை அழிக்காது, இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். கரைசலே முதன்மைச் சிகிச்சை. குணமான பின்னும் வாரக்கணக்கில் வைரஸ் மலத்தில் வெளியேறக்கூடும் என்பதால், மறுபரிசோதனையை நிபந்தனையாக்குவது தொழிலாளரின் கூலியை வீணே பறிக்கும். அறிகுறி நின்றபின் 48 மணி நேரம், குறிப்பாகச் சமையலறைப் பணியாளர்கள், விலகியிருக்க வேண்டும். அந்நாட்களுக்குச் சம்பளம் தரப்படாவிட்டால் நோயை மறைத்து வேலைக்கு வருவதே நேரும்.

மாதிரி தருவதில் இளம்பெண்களுக்குக் கூச்சம் இருப்பது இயல்பு. பெண் செவிலியர் வழியாகக் கிண்ணம் வழங்கி, பெயருக்குப் பதில் எண்ணிட்டு, முடிவை மேற்பார்வையாளரிடம் சொல்லாமல் காக்கும் விடுதியில்தான் ஆய்வகத்துக்கு உரிய காலத்தில் மாதிரி கிடைக்கும்.