அம்மாவை எழும்ப விடு

கப்பல்துறை,
திருகோணமலை.

அன்பின் மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. போனில் சொன்னால் "ஓம் பெரியம்மா, ஓம்" என்றுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவாய். அதனால்தான் கடிதம். ஆறுதலாக இருந்து வாசி.

ட்ரெட்மில் வாங்கலாமா என்று கேட்டாய். மலிவு விலையில் வருகுதாம், பேஸ்மென்ட்டில் இடம் இருக்குதாம், பனிக்காலத்தில் அம்மா வெளியே இறங்கமாட்டா, நீயும் அதிலே நடக்கலாம் என்றாய். நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. உன் வீடு, உன் காசு, நீ படித்த பிள்ளை. முடிவெடுக்க முதல் சில விஷயங்களைக் கேள், அவ்வளவுதான்.

போன ஞாயிறு வீடியோவில் கதைத்தபோது, பேத்தி கூப்பிட்டதும் அம்மா செற்றியிலிருந்து எழும்பினதைப் பார்த்தேன். இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி, மூன்றாம் தரம்தான் எழும்பினா. எழும்பின பிறகும் காலை எடுத்து வைக்கவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றா. நீ அதற்குள் கமராவைத் திருப்பிப் பிள்ளையின் சான்றிதழைக் காட்டினாய். சந்தோஷமாகத்தான் பார்த்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவ என்னைவிட மூன்று வயது இளையவ.

அம்மம்மாவைப் படுக்கையில் கண்ட ஞாபகம்தான் உனக்கு இருக்கும். அதற்கு முந்தின அம்மம்மாவை எனக்குத் தெரியும். துலாவில் தண்ணி அள்ளிக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இறைத்தவ. அறுபது தாண்டியும் பாயிலிருந்து கை ஊன்றாமல் எழும்புவா. பிறகு பெரிய மாமா வெளிநாட்டுக் காசோடு வந்தார். கிணற்றுக்கு மோட்டர் பூட்டினார், கிரைண்டர் வாங்கினார், வேலைக்கு ஆள் வைத்தார். விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரையைப் போட்டு, "அம்மா இனி ஒரு துரும்பும் தூக்கக்கூடாது" என்றார். பிள்ளை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று ஊரே மெச்சியது. ஒரு வருஷத்துக்குள் அவவால் பாயில் இருந்து எழும்ப முடியாமல் போனது. பிறகு கட்டிலிலிருந்து எழுப்பவும் ஆள் தேவைப்பட்டது. பிறகு குசினிப் படியில் விழுந்தா, தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. மிச்சம் உனக்குத் தெரியும்.

மாமாவோடு நான் அதிகம் கதைக்காததற்குக் காணிப் பிரச்சினைதான் காரணம் என்று நீங்கள் எல்லாரும் நினைக்கிறீர்கள். காணி இல்லை மகள். அந்தக் கதிரைதான்.

அன்பால் செய்தார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் இன்றைக்கும் ஆறவில்லை. நான் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்த காலம் முழுக்க இதே கதையைத்தான் கண்டேன். எலும்பு முறிந்து வரும் கிழவிகளின் பிள்ளைகள் எல்லாரும், "நாங்கள் ஒரு வேலையும் செய்ய விடுகிறதில்லை மிஸ், எப்படி விழுந்தவ என்று தெரியவில்லை" என்பார்கள். வேலை செய்ய விடாததால்தான் விழுந்தவ என்று அந்த நேரத்தில் அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

இப்போது நீ அம்மாவை ஒரு கோப்பை கழுவ விடமாட்டாய் என்று அவ பெருமையாகச் சொல்லுறா. கேட்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்குது.

எங்கள் அப்பா டொக்யார்டில் வேலை செய்தவர். வெள்ளைக்காரன் 1957இல் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் அவர் வீட்டில் ஒரு சோடி கர்லாக்கட்டை வைத்திருந்தார். விடிய எழும்பி முற்றத்தில் சுற்றுவார். ஆம்பிளைகளுக்குக் கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி என்று இருந்தது. பெண்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். கிணறும் உரலும் அம்மியும்தான் எங்கள் சாமான்கள். அவை வீட்டை விட்டுப் போனபோது, அந்த இடத்தில் வேறு எதையாவது வைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் திரும்ப உரல் இடிக்கச் சொல்லவில்லை. அந்த வேலையில் நாரி முறிந்த பெண்களையும் கண்டவள் நான். வேலை போன இடத்தில் பாரம் ஒன்று வரவேண்டும், அதைத்தான் சொல்கிறேன்.

தசை நடுவயதிலேயே மெல்லக் கரையத் தொடங்கும், அறுபதுக்கு மேல் கெதியாகக் கரையும். அதை நிறுத்துவது பாரம் தூக்குகிற வேலைதான். எந்த வயதிலும் முடியும். 1990இல் பொஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற வைத்தியர் ஓர் ஆய்வை வெளியிட்டார். முதியோர் விடுதியில் இருந்த, 86 முதல் 96 வயது வரையான, தளர்ந்துபோன 10 பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 8 கிழமைகள்தான். செய்து முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. இரண்டு பேர் ஊன்றுகோலை விட்டுவிட்டார்கள். உன் அம்மாவுக்கு இன்னும் எழுபத்தைந்தே ஆகவில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நியூசிலாந்துக் கதை. ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்காரர் வயது போனவர்கள் வீட்டிலேயே செய்வதற்கென்று ஒரு பயிற்சி முறையை உண்டாக்கினார்கள். பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. கணுக்காலில் சுற்றி ஒட்டுகிற எடைப்பட்டி, பிடித்துக்கொள்ள ஒரு மேசை, அவ்வளவும்தான். கிழமைக்கு மூன்று நாள், அரை மணித்தியாலம். கதிரையில் இருந்து முழங்காலை நீட்டுவது, நின்றபடி காலைப் பக்கவாட்டில் தூக்குவது, குதியை உயர்த்தி நிற்பது, ஒரு காலின் முன்னால் மற்றக் காலை வைத்து நிற்பது. பலம் வர வர எடையைக் கூட்டவேண்டும். வேறு நாட்களில் கொஞ்சம் நடை. அதைச் செய்தவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பக்கத்து வீட்டுப் பிசியோதெரபிப் பிள்ளை இதை எனக்குக் காட்டித் தந்தவள். நான் பழைய துணியில் பை தைத்து, மணல் போட்டு, ஒரு கிலோ நிறுத்துக் கட்டிக்கொள்கிறேன். முழங்காலை நீட்டிப் பிடிக்கும்போது முழங்காலுக்கு மேலே தொடை கல்லுப்போல இறுகுவதைக் கையை வைத்துப் பார்க்கலாம். அங்கேதான் எழும்புகிற பலம் இருக்குது.

ட்ரெட்மில்லில் நடந்தால் இருதயத்துக்கும் மூச்சுக்கும் சீனி வருத்தத்துக்கும் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் கதிரையிலிருந்து எழும்பும் பலத்தை அது பெரிதாகத் தராது. எழும்பவே கை ஊன்றுகிற ஒருவரை ஓடுகிற பட்டியில் ஏற்றலாமா, நீயே யோசி. போன் அடிக்குது என்று அவ திரும்பினால் பட்டி தானாக நிற்காது. நிறுத்துகிற சாவிக் கயிற்றை உடுப்பில் கொழுவ மறந்தால் முடிந்தது. மெஷின்தான் வேண்டும் என்றால் முதுகுச் சாய்வு உள்ள சைக்கிள் வாங்கு, மிதிக்கும்போது விழமாட்டா. ஆனால் அதற்கு முதல் எடைப்பட்டி இரண்டு சோடி, ரப்பர் பட்டி ஒன்று, கைப்பிடி இல்லாத, சுவரோடு அசையாமல் நிற்கிற கதிரை ஒன்று. எல்லாம் சேர்த்தாலும் நீ சொன்ன விலையில் ஒரு மூலைக்குக் காணாது. இரண்டையும் வடிவாக யோசித்து உன் விருப்பப்படி செய்.

எது வாங்கினாலும் அதைக் கீழே பேஸ்மென்ட்டில் வைக்காதே. படி இறங்கிப் போய் அவ செய்யமாட்டா. ரீவிக்கு முன்னால் வை. நாடகம் தொடங்கும் நேரம்தான் பயிற்சி நேரம் என்று சொல்லு, ஒருநாளும் தவறமாட்டா. தொடங்க முதல் உங்கள் டொக்டரிடம் பிரஷரைக் காட்டிக் கேள். செய்யும்போது மூச்சைப் பிடிக்கக்கூடாது, வாய்விட்டு எண்ணச் சொல்லு. எண்ணினால் மூச்சு தானாகப் போய்வரும். இராச்சாப்பாட்டுக்குப் பாணும் தேத்தண்ணியும் என்கிற பழக்கத்தையும் நிறுத்து. முட்டை, மீன், பயறு ஏதாவது இருக்கவேண்டும். முழங்கால் உழைவுக்கு இங்கேயுள்ள ஆயுர்வேத வைத்தியசாலையின் எண்ணெயை அனுப்பச் சொல்லி அவ கேட்டா, அனுப்புகிறேன். எண்ணெய் நோவைத் தணிக்கும், தசையை வளர்க்காது என்பதையும் அவவுக்குச் சொல்லி வை.

ஒரு சோதனை செய்து பார். கையை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 வினாடிக்குள் எத்தனை தரம் கதிரையிலிருந்து முழுதாக எழும்பி இருக்கிறா என்று எண்ணு. பக்கத்தில் நின்றுகொள். அவவின் வயதுப் பெண்களுக்கு 10 வரவேண்டும், அதற்குக் குறைந்தால் விழக்கூடியவ என்று கணக்கு. கை ஊன்றினால் அது பூச்சியம். எத்தனை வந்தது என்று எனக்கு மறைக்காமல் சொல்லு. அதே கதிரையில் நீயும் செய்து பார். நாள் முழுக்க ஒபிஸில் கதிரை, பிறகு கார், பிறகு செற்றி. உனக்கும் ஐம்பது கடந்துவிட்டது. சாப்பாட்டால் ஏறும் சீனியில் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது தசைதான், எங்கள் குடும்பத்தில் சீனி வருத்தம் யாரை விட்டது? அம்மாவைச் செய்யச் சொல்லிவிட்டு நீ பார்த்துக்கொண்டு இராதே, இரண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கோ.

கோப்பையை அவ கழுவட்டும். உடுப்பை அவ மடித்து மேல்தட்டில் வைக்கட்டும். அரிசிப் பையைத் தூக்கக் கேட்டால் பறிக்காதே, பாதியைப் பிரித்துக் கொடு.

கனக்க எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே என் குஞ்சு. நீ அம்மாவைப் பார்க்கிற மாதிரி எங்கள் பரம்பரையில் ஒருவரும் பார்த்ததில்லை. உன்னைப்போல ஒரு பிள்ளை கிடைக்க அவ புண்ணியம் செய்தவ என்று இங்கே வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ட்ரெட்மில் வாங்கினாலும் எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை, சத்தியமாக. வாங்கினால் படம் அனுப்பு, நல்ல நிறமாகப் பார்த்து வாங்கு. ஆடியில் வருவதாகச் சொன்னாய், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. கோணேசர் கோயிலுக்கு மூன்று பேரும் ஏறிப் போவோம். வழியில் இளைப்பாற நேரம் எடுத்தாலும் பரவாயில்லை, நான் நிற்பேன். அடுத்த மாதம் அங்கே வருகிறவரிடம் கருவாடும் எள்ளுருண்டையும் குடுத்துவிடுகிறேன். எள்ளுருண்டை உனக்கு மட்டும்தான், ஒளித்து வைத்துச் சாப்பிடு.

எடைப்பட்டி வாங்கினால் எனக்கும் ஒரு சோடி அனுப்பு. இரண்டு கிலோ. மணல் பை கசியத் தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
என்றும் உன்மேல் உயிரான
பெரியம்மா